தூண்டிலும் நிழலும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, அரியலூரிலிருந்து குன்னம் செல்லும் வழியில் ஓர் ஏரிக்கரையின் மேல் நின்று, நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மதகின் பக்கத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தூண்டிலிட்டுக் குந்தியிருந்தான். அவன் என்னைத் திரும்பியும் பாராமல், மெல்லிய குரலில், “தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழலு தண்ணியில விழுது” என்றான். நான் வெட்கத்தோடு விலகிக்கொண்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனார் எனக்குச் சொன்ன அதே வார்த்தை அது. இடையில் நான் படித்த படிப்பெல்லாம் அந்த வார்த்தையை மறக்கச் செய்துவிட்டது போலும்!

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து நிலம் பச்சைமலைப் பக்கமிருந்து கிழக்கே சரிந்து செல்வது. ஆகவே இங்குள்ள ஏரிகளிற் பலவற்றுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கும். காலை வேளையில் கரைமேல் நிற்பவனுடைய நிழல் நீரின்மேல் நீண்டு விழும். மாலையிலோ அவனுக்குப் பின்னால் வயல்மேல் விழும். ‘காலையில் உள்வாயிலிருந்து தூண்டில் போடு, மாலையில் கரையிலிருந்து போடு’ என்பது எங்கள் பாட்டனார் வகுத்த விதி. இதனை அவர் ஒரு சாத்திரமாகச் சொல்லவில்லை. வெறும் பழக்கமாகவே கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையோடு நான் போனால், அதைக் கழற்றிக் கோரைப் புல்லின்மேல் போடச் சொல்வார். அவர் இடுப்பிலிருந்த வேட்டியோ ஏரித் தண்ணீரில் தோய்ந்து தோய்ந்து ஏரி மண்ணின் நிறத்தையே பெற்றிருந்தது.

தூண்டிற்காரன் தன்னையும் தன் கருவிகளையும் மீனின் கண்ணுக்கு மறைத்துக்கொள்ளும் கலை, மேல்நாட்டார் கண்டுபிடித்த கலை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணக் காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளாக நூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நம்மிடம் அப்படித் தனி நூல் ஒன்றும் இல்லை. ஆனால் நூல் இல்லை என்பதால் அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? என் எண்ணத்தை மாற்றியது பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய அப்பாட்டில், மருத நிலத்து நீர்நிலை ஒன்றில் ஒரு பாண்மகன் மீன் பிடிக்கும் காட்சி வருகின்றது. நெடிய மூங்கிற் கோல், அதில் நாண், நாணின் நுனியில் வளைந்த இரும்பு, அந்த இரும்பை மூடிப் பொதிந்த இரை. வாளை மீன் ஒன்று அந்த இரையைக் கவ்வி, வாய் கிழிபட்டு, எப்படியோ தப்பிவிடுகின்றது. தப்பிய மீன் நீரோரத்தில் நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோல்தானோ என்று வெருவுகின்றது. புலவர் சொல்லும் செய்தி இவ்வளவே, ஐந்தே அடிகள்.

இதனைக் கவிதை நயம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் தூண்டில் பிடித்த கை படிக்கும்போது, இதற்குள்ளே மூன்று செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. இரும்பு வெளியே தெரியாதபடி இரை பொதியப்பட வேண்டும் என்பது ஒன்று. கோலின் நிழல் நீரில் விழுந்தால் மீன் அஞ்சும் என்பது மற்றொன்று. ஒரு முறை பட்ட மீன் அந்த நிழலை நினைவில் வைத்திருக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது செய்தியே எனக்கு மிக்க வியப்பைத் தருகின்றது. மீன்கள் கற்றுக்கொள்ளும், நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை ஆய்வுக்கூடங்களில் தொட்டிகளை வைத்து நிறுவியது சென்ற நூற்றாண்டில்தான்.

இந்தப் பாட்டு நமக்குக் கிடைத்த வரலாற்றிலும் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு சிறு பங்கு உண்டு. 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். அரியலூர்ச் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கேட்டவர். 1871-இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைவதற்கு முன்பு, இந்த ஏரிக்கரைகளின் வழியாகத்தான் அவர் ஊர் ஊராக நடந்திருக்க வேண்டும். தூண்டிற்காரர்களை அவர் அப்போது பார்த்திருப்பார் என்று கற்பனை செய்துகொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

இனி, நிழலைக் கண்டு மீன் ஏன் அஞ்சுகின்றது, உருவத்தைக் கண்டு ஏன் அஞ்சுகின்றது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டமான சாளரத்தின் வழியாகத்தான் தெரியும். ஒளி காற்றிலிருந்து நீரில் புகும்போது வளைவதால், அடிவானம் முதல் அடிவானம் வரை உள்ள எல்லாக் காட்சியும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கிவிடுகின்றது. அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடி போல அடித்தரையையே காட்டும். தலைக்கு நேர் மேலே உள்ளவை தெளிவாகத் தெரியும்; அடிவானத்தை ஒட்டி, பத்துப் பாகைக்கும் குறைந்த உயரத்தில் இருப்பவை நசுங்கி, மங்கி, சாளரத்தின் விளிம்பில் ஒரு கீற்றாக ஒடுங்கிவிடும்.

இதன் பயன் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மீனிலிருந்து இருபது அடி தூரத்தில், நீர் மட்டத்தில் ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவன் நின்றால், அவன் தலை ஏறக்குறைய 15 பாகை உயரத்தில் இருக்கும். மீனுக்கு அவன் தெரிவான். அவனே குந்தி இரண்டரை அடி உயரமாகிவிட்டால், 7 பாகையாகக் குறைந்து, ஏறக்குறைய மறைந்தே போவான். ஏரிக்கரையின் உச்சியில் நிற்பவனோ ஆகாயத்தில் நிற்கும் கொடிமரம் போன்றவன். எங்கள் ஊரில் தூண்டிற்காரன் ஏன் எப்போதும் குந்தியே இருக்கின்றான் என்பதற்குச் சோம்பல் காரணமன்று.

ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூண்டிலிடும் இடத்தில் பேசக் கூடாது என்று எல்லா நாட்டிலும் சொல்லுகின்றார்கள். உண்மையில் காற்றில் எழும் ஓசையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்குகின்றது. மற்றதெல்லாம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். ஆல்பிரெட் ரொனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் ஊர் ஆற்றின் மேல் ஒரு குடிசை கட்டி, அதற்குள் இருந்து மீன்களைப் பார்த்துக்கொண்டே, வெளியே துப்பாக்கி சுடச் சொல்லிச் சோதித்தார். மீன்கள் அசையவில்லை. 1836-இல் வெளியான தம் நூலில் இதனை எழுதியிருக்கின்றார். ஆனால் கரையில் காலை ஓங்கி மிதித்தால் கதை வேறு. அந்த அதிர்வு மண்ணின் வழியே நீரில் இறங்கும். மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு அதை உடனே அறியும். என் பாட்டனார் ஏரிக்கரையில் என்னோடு ஊர்க்கதையெல்லாம் உரக்கப் பேசுவார். ஆனால் நான் ஓடினால் மட்டும் அடிக்கக் கை ஓங்குவார். அவருக்கு ரொனால்ட்ஸைத் தெரியாது.

ஆங்கிலேயரின் நூல்களைக் குறைத்துச் சொல்லுவது என் நோக்கமன்று. 1496-இல் அச்சான அவர்களுடைய முதல் தூண்டில் நூலே, குதிரைவால் மயிரால் திரித்த கயிற்றை, நீரின் நிறத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று சாயமேற்றச் சொல்லுகின்றது. 1653-இல் ஐசக் வால்ட்டன் எழுதிய புகழ் பெற்ற நூலில், சாராயச் சத்துள்ள பார்லி மதுவும் புகைக்கரியும் வாதுமை இனத்து மரமொன்றின் இலைச்சாறும் படிகாரமும் கலந்து காய்ச்சும் சாயப் பக்குவம் வருகின்றது. பறக்கும் பறவையின் நிழலுக்கே அஞ்சி ஆழத்தில் மறையும் மீன் ஒன்றைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். காஞ்சிப் புலவர் கண்ட வாளைக்கு உறவு போலும்! பின்னர் ஸ்பெயின் நாட்டு மூர்சியாவில் பட்டுப்புழுவின் உள்ளுறுப்பைக் காடியில் ஊறவைத்து இழுத்தெடுத்த நரம்பு வந்தது. கண்ணாடி போன்ற அந்த நரம்பையும் தேயிலை நீரிலும் மசியிலும் தோய்த்து மங்கச் செய்தார்கள்.

நம் நாட்டு ஏரிகளில் ஆங்கிலேயர் தூண்டிலிட்ட கதையும் உண்டு. சென்னை மாகாணத்து அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதலைப் பற்றியும், 1887-இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுதலைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கும் வெள்ளைக்காரத் துரைமாருக்காக எழுதியவை அவை. நம்மவர் ஒரு வேளைக் குழம்புக்காகப் பிடித்தார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே நம் கருவிகளைப் பார்க்க வேண்டும்.

நைலான் வருவதற்கு முன் எங்கள் பக்கத்தில் பருத்தி நூலைத் திரித்தே தூண்டிற் கயிறு செய்தார்கள். கரிசல் நிலத்தில் பருத்திக்குப் பஞ்சமில்லை. வெள்ளை நூல் நீரில் பளிச்சென்று தெரியும். விரைவில் இற்றும் போகும். ஆகவே கருவேலம்பட்டையை இடித்துக் கொதிக்கவைத்த சாற்றில் இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். பனிச்சை மரம் உள்ள ஊர்களில் பனிச்சங்காய்ச் சாறு. வெளியே எடுத்து உலர்த்தினால் நூல் சேற்றின் நிறமாகிவிடும். இதனைக் கண்டு, நம் முன்னோர் மறைவுக்காகவே சாயமேற்றினர் என்று பெருமையடித்துக்கொள்ளச் சிலருக்குத் தோன்றும். நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். நூல் இற்றுப் போகாமல் காப்பதே அவர்கள் முதல் நோக்கம். வலைக்கும் அதையேதான் செய்தார்கள். மறைவு இலவசமாகக் கிடைத்தது. ஆனால் சாயம் வெளுத்த கயிற்றை என் பாட்டனார் வெயிற்காலத் தெளிநீரில் போட மறுத்ததையும் நான் பார்த்திருக்கின்றேன். ஆக, காலப்போக்கில் இலவசமாகக் கிடைத்ததன் அருமையையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

தக்கைக்கு நெட்டியோ, தோல் உரித்த சோளத்தட்டையோ போதும். ஆனால் அவரிடம் மயிலிறகின் தண்டில் செய்த தக்கை ஒன்றும் இருந்தது. அது நீரில் விழுந்தால் ஓசை எழாது. மிதக்கும்போது ஒரு கோரைத் தாள் முறிந்து கிடப்பது போலத் தோன்றும். சோளத்தட்டையின் வெண்மையை மறைக்க அடிப்பக்கத்தில் சேறு பூசுவார். மேற்பக்கத்தை வெண்மையாகவே விட்டுவிடுவார். மேற்பக்கம் நம் கண்ணுக்கு. அடிப்பக்கம் மீனின் கண்ணுக்கு. அடிப்பக்கம் வெண்மையாக இருந்தால்தான் ஒளிமிக்க வானத்தின் எதிரே அது மறையும் என்பார் சிலர். மீனின் வயிறே வெண்மையாக இருப்பது அதனால்தான். 1944-இல் கிரெய்க் என்ற அறிஞர், கடற்பறவைகளின் வெண்ணிற அடிப்பாகமும் மீன்களுக்குத் தெரியாமல் அணுகுவதற்கே என்று எழுதினார். அந்தப் போர்க்காலத்தில் கடல்மேற் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் அடிப்பாகத்துக்கும் வெள்ளை பூசினார்கள். இந்த வழக்கில் பாட்டனார் தோற்றுவிட்டார் என்றே நினைக்கின்றேன். ஆயினும் எங்கள் ஏரி நீர் பெரும்பாலும் கலங்கல். அதில் வெள்ளையும் சேறும் ஒன்றே.

நம் ஊர்க் குருட்டுக் கொக்கைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது மண்ணும் சருகும் கலந்த நிறம். கிட்டப் போய்க் காலடி வைத்தாலும் தெரியாது. எழுந்து பறக்கும்போதுதான் அத்தனை வெண்மை எங்கிருந்து வந்தது என்று திகைப்போம். குறளும் மூதுரையும் கொக்கின் பொறுமையைப் பாடின. அதன் நிறத்தையும் பாடியிருக்கலாம்.

எங்கள் பக்கத்துத் தூண்டிலுக்குத் தலையாய மீன் விரால். அது நீரில் மட்டுமன்றி மேலே வந்து காற்றையும் குடிக்கும் மீன். ஆதலால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மேலே வரும் அந்தக் கணத்தில் அதன் கண் நம்மையும் பார்க்கின்றது. ஆம்பல் இலைகளின் இடையே சிறு தவளையைக் கோத்த முள்ளைப் பையத் தத்தவிட்டு, முள்ளின் நுனி தவளையின் தொடையோடு ஒட்டி மறையும்படி செய்வது ஒரு தனித் திறமை. அகநானூற்றின் 36-ஆம் பாட்டில், இரும்பை விழுங்கிய வரால் ஆம்பலைக் கிழித்துக் குளத்தைக் கலக்கி, இழுக்க இழுக்க வராத காளையைப் போலத் தூண்டிற்காரனை எதிர்த்து நிற்கின்றது. அதை எழுதிய நக்கீரர் கரையில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி, தூண்டில் யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு வருகின்றேன். சங்கப் பாட்டில் தூண்டில் பாணர் கையில் இருக்கின்றது. யாழ் மீட்டிய கையே கோலையும் பிடித்தது. பாண்மகள் மீனைக் கொடுத்து நெல் பெற்றுச் செல்லும் காட்சிகள் ஐங்குறுநூற்றில் உண்டு. தூண்டிற் கயிற்றை இன்று நாம் ‘நரம்பு’ என்கிறோம். யாழின் தந்திக்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் பாணர் குலம் சமுதாயத்தில் மிகவும் தாழ்த்தப்பட்டது. சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூர், இன்று இராசேந்திரப்பட்டினம் என்ற பெயரில், சயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் இருக்கின்றது. அந்தக் குலத்தார் தூண்டிலிட்ட நீர்நிலைகள் பின்னர்க் கோயிலுக்கும் ஊருக்கும் சர்க்காருக்கும் உரியவை ஆயின. மீன்பாசி ஏலம் என்ற முறை வந்தது. ஏலம் எடுத்தவருக்கே ஏரியின் மீனெல்லாம் உரிமை. ஒற்றைத் தூண்டில் போட்டாலும் அது களவு.

அப்போதுதான் தூண்டிற்காரனுக்கு இரண்டாவது மறைவு ஒன்று தேவைப்பட்டது. மீனிடமிருந்து அன்று, மனிதனிடமிருந்து.

இதைச் சொல்லும்போது குத்தகைதாரரை மட்டும் குறை கூறுவது முறையாகாது. பணம் கட்டி ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டவர் அவர். மேலும், மறைந்து மீன் பிடிப்போர் எல்லாரும் என் பாட்டனாரைப் போலக் கோலோடு குந்துபவர்கள் அல்லர். இரவில் நஞ்சைக் கலக்குவோரும் வெடி போடுவோரும் இருந்தார்கள். அதற்காகவே 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிக்கும் நஞ்சுக்கும் இரண்டு மாதச் சிறை அல்லது இருநூறு ரூபாய் அபராதம் என்று அது விதித்தது. தூண்டிலின் மறைவில் மீன் தப்புவதற்கு ஒரு வாய்ப்பு எப்போதும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் வாளை தப்பியது. நஞ்சு கலந்த குளத்தில் குஞ்சும் தப்பாது.

நைலான் இழை 1938-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் உலகெங்கும் தூண்டிலுக்கு வந்தது. தங்கூசி என்ற பெயரில் எங்கள் சந்தைக்கும் வந்தது. சாயம் வேண்டியதில்லை, இற்றுப் போவதில்லை. கருவேலம்பட்டை இடிப்பது நின்றது. 1971-இல் ஜப்பானியர் ஒளியை நீரைப் போலவே ஏறக்குறைய வளைக்கும் புளோரோகார்பன் இழையைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தனர். இன்று சேற்று நிறமும் பாசி நிறமும் மாறி மாறி ஏற்றிய இழைகளும், முள் மறைந்த ரப்பர்த் தவளைகளும் கடைகளில் தொங்குகின்றன. நானும் ஒரு முறை விலையுயர்ந்த இழை ஒன்று வாங்கினேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளம் ஒன்றில், தெளிந்த நீரில், அதைப் போட்டேன். இழை எனக்கே தெரியவில்லை. மீனும் ஒன்றும் வரவில்லை. பள்ளத்தின் விளிம்பில், இருபது அடி உயரத்தில், வெள்ளை வேட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

பாட்டனாரின் கதையைச் சொல்லி முடித்துவிடுகின்றேன். மழை பொய்த்த ஓர் ஆண்டு. வீட்டில் அரிசி குறைவு. அவ்வாண்டு ஏலம் எடுத்தவர் கோல் வைத்து மீன் பிடிப்பதையும் தடுத்துவிட்டார். கோல் கையில் இருந்தால்தானே தெரியும் என்று பாட்டனார் கோலை விட்டுவிட்டு, கயிற்றை மட்டும் நீருக்கடியில் காட்டாமணக்கின் வேரில் கட்டி, முள்ளில் தவளையைக் கோத்து, பொழுது சாய்ந்ததும் விட்டுவந்தார். தக்கை கிடையாது, மேலே ஒன்றும் தெரியாது. நான்கு நாள் விடியுமுன் போய் விரால் எடுத்து வந்தோம். ஐந்தாம் நாள் போனபோது, அந்தக் காட்டாமணக்குப் புதரின் அருகே ஏரிக் காவற்காரர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். விரால் அவருடைய கூடையில் இருந்தது.

“கயிறு எனக்குத் தெரியவே இல்லை, பெரியவரே. சேத்துல உங்க காலடி மட்டும் வீட்டு வரைக்கும் போகுது” என்று அவர் சொன்னார். முள்ளைக் கழற்றிப் பாட்டனாரிடம் கொடுத்தார், மீனைக் கொடுக்கவில்லை.

பாட்டனார் அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு குத்தகைதாரரின் வீட்டுக்குப் போய், திண்ணைக்குக் கீழே நின்று, வாரத்துக்கு ஒரு நாள் ஒரே ஒரு கோல் போட அனுமதி கேட்டார். அவர் சிறிது நேரம் யோசித்து, பிடிப்பதில் பாதி தமக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார். அடுத்த ஆடி வரையில் ஞாயிறுதோறும் அந்தப் பாதியை ஆம்பல் இலையில் சுற்றி அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தவன் நான்தான்.